கருகிய ரொட்டி யார் பங்கு?

சமையல் நூல்கள் யாவற்றிலும் ஒரு குறை உண்டு. எத்தனை சுண்டு அரிசி, எத்தனை கரண்டி எண்ணெய், எத்தனை நிமிடம் அடுப்பு என்பனவற்றையெல்லாம் அவை ஐயந்திரிபறக் கூறும். ஆனால், கூறியபடியே செய்தும் பண்டம் கெட்டுவிட்டால் அதனை உண்ணவேண்டியவர் யார் என்பதைப்பற்றி அவை ஒரு வரியும் கூறுவதில்லை. அந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் எழுதப்படாத விடையொன்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அடிபிடித்த சோறும், கல்லாய்ப்போன இட்டலியும், ஒரு பக்கம் கருகிய ரொட்டியும் அவற்றைச் சமைத்தவளுக்கே உரியவை என்பதே அவ்விடை. அது சரியான விடைதானா என்பதை இந்த வாரம் சற்று ஆராய்வோம்.

இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. சங்க நூலாகிய குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு, புதிதாக மணமான பெண்ணொருத்தி சமைக்கும் காட்சியைக் காட்டுகின்றது. பாடியவர் கூடலூர் கிழார். தயிரைப் பிசைந்த கையைத் தன் ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிக்கும் புகை கண்ணிற் படவும் பொருட்படுத்தாமல், அவள் புளிக்குழம்பு சமைக்கின்றாள். கணவன் அதனை இனிது என்று உண்கின்றான். அவள் முகம் மலர்கின்றது. பாராட்டு ஒன்றே பட்ட பாட்டையெல்லாம் மறக்கச் செய்யும் என்பதை இதைவிட நயமாகக் கூறுதல் அரிது. ஆயினும் பாட்டு அவ்விடத்திலேயே முடிந்துவிடுகின்றது. குழம்பு இனிதாக அமையாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும், அவள் எப்பொழுது உண்டாள், அவள் இலையில் என்ன மிஞ்சியிருந்தது என்ற கேள்விகளைப் புலவர் நமக்கே விட்டுவிட்டார்.

கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே மலை மடிப்புகளுக்கிடையில் அமைந்தது நம் ஹேவாஹெட்ட. இப்பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 1867-ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். உலகெங்கும் பெயர் பெற்ற இலங்கைத் தேயிலையின் வரலாறு அங்குத் தொடங்குகின்றது. உலகத்தாரின் கோப்பைகளை நிரப்பும் இம்மலைகளைப்பற்றி எழுதியவர் பலர். இம்மலைகளின் அடுப்படிகளைப்பற்றி எழுதியவரோ மிகச் சிலர். அடுப்படியை அறியாதார்க்கு, இங்குச் சமையலில் நேரும் தவறுகளுள் பாதி சமைப்பவரின் தவறே அல்ல என்பது விளங்காது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. மலைநாட்டிலோ, சமையலைப் பொறுத்தவரையில், கூடம் மெய்யாகவே கோணல்தான். நீர் கொதிப்பதையே எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கொதிக்கின்றது என்று மாணவர் படிக்கின்றனர். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறையக் கொதிநிலையும் குறையும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு பாகை குறைவதாகக் கொள்ளலாம். 1,200 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு வீட்டில் நீர் 96 பாகையிலேயே தளதளவென்று கொதிக்கத் தொடங்கிவிடும். பார்ப்பதற்குக் கொதி ஒன்றே. சூடு மட்டும் குறைவு. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பானையில் அந்தச் சூடு ஏறாது, விறகுதான் வீணாகும். கொழும்பில் அரை மணியில் வெந்த கடலை இங்கு முக்கால் மணியாகியும் பல்லுக்குப் பிடி கொடுக்காமல் நிற்பதன் காரணம் இதுவே. முதல்நாள் இரவே ஊறவைப்பதும், நீராவியை உள்ளே அடைத்து வேகவைக்கும் அழுத்தப் பாத்திரத்தைக் கையாளுவதும் இதற்கு மாற்று. டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679-இல் அத்தகைய பாத்திரத்தின் முதல் வடிவத்தை உலகுக்குக் காட்டினார்.

அடுத்தது குளிர். இட்டலி மா பொங்குவது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே உள்ள ஒருவகைப் பற்றீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, புளிப்பையும் வாயுவையும் வெளியிடுகின்றன. அவ்வாயு உளுந்தின் பசையிற் சிக்கிக்கொள்வதால் மா உப்புகின்றது. அவற்றுக்கு உகந்த வெப்பம் ஏறத்தாழ 30 பாகை. யாழ்ப்பாணத்து இரவு அதற்கு அண்மையில் நிற்கின்றது. நம் மார்கழி இரவோ அதற்கு வெகு தொலைவில் நிற்கின்றது. அங்கு ஓரிரவில் முடியும் வேலைக்கு இங்கு ஒரு பகலும் சேர்த்து வேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, கணவரின் ஆசிரியத் தொழிலின் பொருட்டு, நம் அயலில் வந்து குடியேறிய இல்லத்தரசி ஒருவரை நாம் அறிவோம். வந்த புதிதில் அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இட்டலி அவித்தார். மூன்றும் சாண் ஏறி முழம் சறுக்கிய கதையாயின. முதல் வாரம் உளுந்து பழசு என்றார். இரண்டாம் வாரம் ஆட்டுக்கல்லைக் குறை கூறினார். மூன்றாம் வாரம் சோடா உப்பைச் சற்று அதிகமாகவே தூவினார். இட்டலி உப்பியது, ஆனால் நாவில் வைத்தவுடன் கசந்தது. பிள்ளைகளும் கணவரும் கடைப் பாணுக்கு மாறிக்கொண்டனர். அவ்வம்மையாரோ, "எனக்கு இட்டலி என்றால் உயிர்" என்று கூறிக்கொண்டு, திங்கள் செவ்வாய் இரு நாட்களும் அந்தக் கல் இட்டலிகளையே தேத்தண்ணீரோடு விழுங்கி முடித்தார்.

நான்காம் வாரம் பக்கத்து லயத்திலுள்ள அப்பாயி ஒருவர் ஆட்டுக்கல்லடியில் வந்து அமர்ந்தார். கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "மாவும் பச்சைப்பிள்ளை மாதிரித்தான், அம்மா. இந்தக் குளிரிலே வெறும் தரையிலே போடலாமா? ராத்திரி நெருப்பை அணைச்சிட்டு, அடுப்போரமா வச்சு, சாக்கைப் போர்த்தி விடுங்க" என்றார். அன்று வெதுவெதுப்பான நீர் விட்டு ஆட்டிய மா, அணைந்த அடுப்பின் சூட்டில், சாக்குப் போர்வைக்குள் உறங்கியது. மறுநாள் முற்பகலில் பானையின் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. அப்பாயி பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். ஆயினும் மேற்கூறிய விஞ்ஞானம் முழுவதையும் ஒரு பிள்ளையின் உவமையில் அடக்கிவிட்டார்.

மலையகத்துப் பெண்களுக்கு இந்தச் சோதனை அறிவு பொழுதுபோக்காக வந்ததன்று. ரொட்டியின் வரலாற்றைப் பார்த்தால் இது புலனாகும். தமிழ்நாட்டிலிருந்து இம்மலைகளுக்கு வந்தவர்களின் பாட்டன்மார் அறிந்தவை சோறும், கேழ்வரகுக் களியும், கம்பங்கூழும். இலங்கையில் நாம் கோதுமை மா என்று அழைப்பதும், இந்தியாவில் மைதா எனப்படுவதுமான வெண்மா அவர்களுக்குப் புதியது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகவே, இந்நாட்டுக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுவிட்டது. பங்கீட்டு அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பலாயிற்று. அரிசியைக் கொண்டு பழகிய கைகள் அறியாத மாவைப் பிசைந்தன. அயற் கிராமங்களின் பொல் ரொட்டியைப் பார்த்துத் தேங்காய்த் துருவலைச் சேர்த்தன. உப்பும் கொச்சிக்காயும் இடித்த சம்பலை அதற்குத் துணையாக்கின. முதன்முதலிற் சுட்ட ரொட்டிகளுள் எத்தனை கருகின, எத்தனை தோலாய் நீண்டன என்பதை எந்த வரலாற்று நூலும் பதியவில்லை.

அதன் பின்னரும் சோதனைகள் ஓய்ந்தனவல்ல. 1953-இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசிப் பானை அரசாங்கத்தையே அசைத்த காலம் அது. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவின் விலையும் எண்ணெயின் விலையும் ஏற, இங்குப் பங்கீடு சுருங்கிற்று. தோட்டங்களிற் பசியால் மடிந்தோர் பலர். அந்நாட்களில் மரவள்ளியும் காட்டுக் கீரையுமே பல வீடுகளின் உணவாயின. மரவள்ளியைப் பானையை மூடாமல் அவிக்கவேண்டும் என்னும் வழக்கம் வெறும் சம்பிரதாயமன்று. அக்கிழங்கில் உண்டாகும் சயனைட்டு நஞ்சு ஆவியோடு வெளியேறவேண்டுமென்பதே அதன் உட்பொருள். அத்தகைய சமையலில் நேரும் பிழை ருசியை மட்டும் கெடுப்பதன்று.

1980-இல் திருகோணமலையில் பெரிய கோதுமை ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர் மா எங்கும் மலிந்தது. ஆயினும் கோதுமை விளைவது கடல் கடந்த நாடுகளிலேயே. 2022 ஏப்ரல் மாதத்தில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டிலேயே உக்ரேனில் மூண்ட போரினால் கோதுமையின் விலையும் உலகெங்கும் ஏறிற்று. மாவும், பால்மாவும், எரிவாயுவும் ஒருங்கே அரிதாயின. எரிவாயு அடுப்பிலேயே சமைத்துப் பழகிய கண்டி நகரத்து இல்லத்தரசிகளும் விறகைத் தேடி அலைந்தனர். தோட்டத்துப் பெண்களோ கவ்வாத்து மிலாற்றைக் கட்டிவந்து, குரக்கன் மாவையும் அரிசி மாவையும் கோதுமை மாவோடு கலந்து ரொட்டி சுட்டுப் பார்த்தனர். குரக்கனில் கோதுமையின் பசைத்தன்மை இல்லாமையால் ரொட்டி விண்டு போகும். கொதிநீர் விட்டுப் பிசைந்தால் ஓரளவு ஒட்டும். அதனையும் செய்துதான் கற்றனர்.

இனி நாம் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். எந்தச் சோதனைக்கும் ஒரு செலவு உண்டு. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு சோதனை பிழைத்தால் அச்செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கும். அடுப்படியில் ஒரு சோதனை பிழைத்தால் ஏற்பவர் யார்? தாயின் தட்டைப் பார்த்தால் விடை தெரியும். நல்ல ரொட்டிகள் முதலில் வேலைக்குச் செல்பவருக்கு, அடுத்துப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு, கருகியது தனக்கு. பருப்பு மிஞ்சினால் நாளைக்கு, தீய்ந்தால் தனக்கு. தோட்டத்திலோ அவளும் விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலையேறுபவள். வேலைக்குச் செல்பவருக்கு முதற்பங்கு என்பதே நியாயமாயின், அந்த நியாயத்தில் அவளுக்கும் இடமுண்டன்றோ?

இது வெறும் மனத்தாங்கலன்று, உடம்பின் கணக்குமாகும். 2016-ஆம் ஆண்டில் இலங்கையில் நடைபெற்ற குடிசன சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடளாவிய அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டங்களிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர். குழந்தையின் வளர்ச்சி அது பிறந்த பின்னர் மட்டும் தொடங்குவதன்று. கருவுற்ற தாயின் தட்டிலேயே அது தொடங்கிவிடுகின்றது. வறுமையும், கூலியும், குடியிருப்பும் இதற்குப் பெரும் காரணங்கள். அவற்றை அடுப்படியில் நின்று தீர்த்துவிட இயலாது. ஆனால், உள்ள உணவைப் பங்கிடும் முறை மட்டும் முற்றிலும் நம் கையில் உள்ளது.

இரும்புச் சத்தைப்பற்றியும் இங்கு ஒன்று கூறவேண்டும். ரொட்டியோடு சுடச்சுடச் சாயத்தண்ணீர் அருந்துவது நம் பகுதியின் வழக்கம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, அது உடம்பிற் சேராமல் தடுத்துவிடுகின்றன. தேநீரை உணவோடு அருந்தாமல் ஒரு மணி நேரம் கழித்து அருந்தினால் இந்த இழப்பு பெரிதும் குறையும். சம்பலில் தேசிக்காய்ப் புளி சேர்ப்பது இதற்கு நேர் மாறாக நன்மை செய்வது. அதிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்பை உடம்பு ஏற்க உதவுகின்றது. தேயிலை விளைவிக்கும் நாம் தேநீரைக் கைவிடவேண்டியதில்லை. அதற்குரிய நேரத்தை அறிந்து அருந்தினாற் போதும்.

அடுப்படித் தவறுகளுக்கு நாம் அறிந்த மாற்றுகள் சிலவற்றையும் கூறிவிடுவோம். சோறு அடிபிடித்தால் கரண்டியை விட்டுக் கிளறலாகாது. மேற்சோற்றை மெல்ல வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் தீய்ந்த மணம் பெரும்பாலும் பின்தங்கிவிடும். கறியில் உப்பு மிகுந்தால் உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேடி எடுப்பதில்லை. உப்புக் குழம்பையே உறிஞ்சுகின்றது. உண்மையில் உதவுவது, உப்பில்லாத கிழங்கோ, பருப்போ, தேங்காய்ப் பாலோ சேர்த்துக் கறியின் அளவைப் பெருக்குவதே. பொங்காத இட்டலி மாவை இட்டலித் தட்டில் ஊற்றிப் பிடிவாதம் செய்யாமல், வெங்காயமும், லீக்ஸும், துருவிய கரட்டும் சேர்த்துக் கல்லில் ஊற்றினால் நல்ல ஊத்தப்பம் கிடைக்கும். சோடா உப்பை அதிகம் சேர்த்தால் கசப்பதோடு, உயிர்ச்சத்து பி1-உம் அழியும். ரொட்டி தோலாய் இழுபட்டால், அடுத்த முறை பிசைந்த மாவை அரைமணி நேரம் ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டுத் தட்டவேண்டும். மாவின் பசை இளகிக்கொடுக்கும். பீட்ரூட்டை வாங்கி இலையை வீசுவோர் பலர். அந்த இலை வறைக்கு ஏற்ற நல்ல கீரை.

கரிந்து கறுத்த பகுதி எவருக்கும் உரியதன்று; அதனைச் சுரண்டி எறிந்துவிடவேண்டும். எஞ்சியது அனைவருக்கும் உரியது. ஆறு ரொட்டிகளுள் இரண்டு கருகினால், கருகாத நான்கைப் பங்கிட்டுவிட்டுக் கருகிய இரண்டைத் தாயிடம் தள்ளுதல் பங்கீடாகாது. ஆறையும் துண்டாக்கி, நல்லதும் அல்லதும் கலந்து, ஒரே தட்டில் வைத்து அனைவரும் உண்பதே பங்கீடு. இவ்வாறு செய்யும் வீட்டில் இரு நன்மைகள் விளைவதைக் காணலாம். சமைப்பவர் அச்சமின்றிப் புதியன செய்து பார்ப்பார் என்பது ஒன்று. உண்பவர் தட்டில் வந்ததைக் குறை கூறுமுன், அடுத்த முறை விறகை இழுத்துவிடவோ, மாவைப் பார்த்துக்கொள்ளவோ தாமே எழுந்து வருவார் என்பது மற்றொன்று. தவறின் சுவையை நாவில் அறிந்தவர் அடுப்படியில் வெறும் விருந்தினராக இருக்க ஒவ்வார்.

மாணவச் செல்வர்கள் இதனைப் பெரியோர் செய்யட்டும் என்று காத்திருக்கவேண்டியதில்லை. கொதிநிலையையும், நொதித்தலையும், அமில காரங்களையும் நீங்கள் பாடசாலையில் எழுதிப் படிக்கின்றீர்கள். அவை யாவும் நாள்தோறும் உங்கள் வீட்டு அடுப்பிலேயே நிகழ்கின்றன. இட்டலி மாப் பானையை ஒருநாள் திறந்த இஸ்தோப்பிலும், ஒருநாள் அடுப்போரத்திலும் வைத்து, எத்தனை மணியில் எத்தனை விரற்கடை ஏறியது என்று குறித்துப் பாருங்கள். ஆண்பிள்ளைகளும் பாருங்கள். நளனையும் வீமனையும் சமையலுக்கு முன்னிறுத்திப் பேசும் மொழியில் பிறந்த ஆண்மகனுக்கு அகப்பையைப் பிடிக்க நாணம் எதற்கு?

அம்மாவோ, அப்பாயியோ, "எனக்குப் பசியில்லை, நீங்கள் உண்ணுங்கள்" என்று கூறும்பொழுது அதனை உடனே நம்பிவிடாதீர்கள். அடுக்களைக்குள் சென்று, அவருக்கென்று என்ன மிஞ்சியிருக்கின்றது என்று சட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். மிஞ்சியிருப்பது கருகிய ரொட்டியாயின், அதில் ஒரு துண்டைப் பிட்டு உங்கள் தட்டில் வைத்துக்கொண்டு, உங்கள் தட்டிலுள்ள நல்ல ரொட்டியில் ஒரு துண்டை அவர் தட்டில் வையுங்கள். அவர் வேண்டாம் என்பார், வற்புறுத்துங்கள்.